ஆயாக் கொட்டகையில் எழுதிய பரீட்சை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். நான் டவுன் பள்ளியில், பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். யுனிவர்சிட்டிக்குப் போக வேண்டுமென்றால் வருடக் கடைசியில் எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நல்லபடியாகத் தேற வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை யாரும் அந்தப் பரீட்சை வரைக்கும் போனதில்லை. அதனால் நான் புத்தகப் பையோடு லயத்துக்குள் நுழைந்தால், துரையின் கார் வந்த மாதிரி பிள்ளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் லயத்து வீடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். நீளமாக ஒரே தகரக் கூரை. அதன் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது, பாதியிலேயே நின்றுவிடும். அந்த இடைவெளி வழியாக எல்லாச் சத்தமும் எல்லா வீட்டுக்கும் போகும். கடைசி வீட்டில் கடுகு தாளித்தால் முதல் வீட்டில் தும்முவார்கள். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அடுத்த வீட்டிலிருந்தே தீர்ப்பு வரும்.

பக்கத்து வீட்டில்தான் அக்கா இருந்தார். கூடப் பிறந்தவர் இல்லை. கொழுந்து எடுக்கிற வேலை, தோட்டத்து லோரி ஓட்டுகிற புருஷன், வீடு நிறையப் பிள்ளைகள், ஓயாத ரேடியோ, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வாய். அப்பப்பா, அந்த வாய்! மேட்டுக் காட்டில் அக்கா பேசினால் பள்ளத்தில் நிற்கிறவர்கள் பதில் சொல்வார்கள். நான் எப்போதும் சத்தம் போட்டுத்தான் படிப்பேன். வரலாறு படிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வரும்.

"ஏய் புள்ள, அந்த மலாக்கா ராஜா என்னடி ஆனான்? செத்துட்டானா இல்லியா? பாதியில நிறுத்திட்டா எனக்கு எப்படிடி தூக்கம் வரும்?"

நான் மலாயில் படித்ததைத் தமிழில் ஒருமுறை அக்காவுக்குச் சொல்வேன். அவர் குறுக்கே கேள்வி கேட்பார், ராஜாவைத் திட்டுவார், மந்திரிக்குச் சாபம் கொடுப்பார். அப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாடம் மனசில் ஏறிவிடும். பள்ளியில் கொடுத்த பழைய வருடத்துக் கேள்வித்தாள்களை வீட்டில் வைத்துக் கடிகாரம் பார்த்து எழுதுவேன். ஒரு பக்கம் ரேடியோ, ஒரு பக்கம் குழந்தை அழுகை, கூரையில் மழை, வாசலில் சேவல். அதற்கு நடுவில் எழுதி எடுத்துப் போவேன். எங்கள் வரலாற்று ஆசிரியர் ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனர், அமைதியானவர். அவர் திருத்திவிட்டு, இப்படியே எழுதினால் யுனிவர்சிட்டி நிச்சயம் என்பார். நான் தரையில் கால் படாமல் வீட்டுக்கு வருவேன்.

அப்புறம்தான் ட்ரையல் வந்தது. உண்மையான பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன்னால் பள்ளியிலேயே வைக்கிற ஒத்திகைப் பரீட்சை. மண்டபத்தில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகார முள் நகர்வதும் என் மூச்சும்தான் கேட்டன. முன்னால் ஒரு முதுகு, பின்னால் யாரோ, பக்கத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. காவலுக்கு நின்ற ஆசிரியரின் ஷூ மட்டும் எங்கோ ஆரம்பித்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கேள்வியைப் படித்தேன். தெரிந்த கேள்விதான். அக்காவுக்கு ஒரு தடவைக்கு மேல் சொன்ன கதைதான். ஆனால் தலைக்குள் ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி இருந்தது. எல்லாப் பேப்பரும் அப்படியே போனது.

மார்க் வந்தபோது இரண்டு பாடத்தில் ஃபெயில். மற்றவை கரையோரம்.

அப்பா பள்ளிக்கு வந்தார். அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் தூளை எடுத்துச் சின்ன டின்னில் போட்டுத் துரையின் மேசைக்குக் கொண்டுபோய் வைப்பது அவர் பொறுப்பு. துரை அதை ஊற்றி, வாயில் வைத்து, துப்புவார். அந்த ஒரு வாய் நன்றாக இல்லையென்றால் மொத்தப் பெட்டியும் நன்றாக இல்லை. யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அப்பாவுக்கு உலகத்தில் எல்லாமே அந்தச் சாம்பிள் டின் கணக்குத்தான்.

அவர் ஆசிரியரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். ட்ரையலில் வாங்கிய மார்க்குக்கும் கடைசியில் வாங்குகிற மார்க்குக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஆசிரியர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். தான் பார்த்தவரைக்கும் பெரிய வித்தியாசம் வராது, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, அவ்வளவுதான் என்றார். அதற்குப் பிறகு அவர் ஏதேதோ ஆறுதல் சொன்னார். அப்பா காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பா சொன்னார்: "சாம்பிளு சொல்லிருச்சும்மா. இனிமே பெட்டியத் தொறந்து பாத்து என்ன ஆவப்போவுது?"

தோட்டத்தில் ஆயாக் கொட்டகையில் ஓர் இடம் காலியாக இருந்தது. கொழுந்துக்குப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே ஆயாவுக்கு உதவியாக ஒரு பெண் வேண்டும். நிரந்தர வேலை. கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, அப்பாவுக்காக அந்த இடத்தை மாதக் கடைசி வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார். அதற்குள் பேர் கொடுக்கவில்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். பேர் கொடுத்தால் மறுநாளே வேலைக்கு வர வேண்டும், பள்ளிக்கூடம் அன்றோடு சரி.

அப்பா மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு கோபமும் கிடையாது. அம்மா மழையில் நனைந்து, விரைத்த கையோடு மலையிலிருந்து இறங்கி வருவதைத் தினமும் பார்த்தவர் அவர். மகளாவது கூரைக்குக் கீழே வேலை செய்யட்டும் என்று நினைத்தார். பரீட்சையை நம்பி நான் இந்த வேலையை விட்டுவிட்டு, இதுவும் போய் அதுவும் போனால் என்ன செய்வது? நியாயமான பயம்தான். ஆனாலும் அன்றைக்கு நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். சுவர்ப் பக்கம் அழுதால் யாருக்குக் கேட்கும் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

அந்தப் பக்கம் ரேடியோ பட்டென்று நின்றது.

மறுநாள் அக்கா லயத்தையே கூட்டிவிட்டார். "என் வாயாலதான்யா இந்தப் புள்ள படிப்பு கெட்டுச்சு. ரேடியோவும் சண்டையும்னு நாம கத்துனா அது எங்கிட்டுப் படிக்கும்? மாசக் கடைசிக்குள்ள இது நல்லாப் படிச்சுக் காட்டுனா அவுங்கப்பா மனசு மாறும். அதுவரைக்கும் இந்த லயத்துல ஒரு ஈ, எறும்பு சத்தம் போடக் கூடாது. போட்டா எங்கிட்டதான் பேசணும், ஆமா!"

அக்காவிடம் பேச யாருக்குத் துணிச்சல்? அன்றிலிருந்து எங்கள் லயத்தில் ஓர் அதிசயம் நடந்தது. எல்லா ரேடியோவும் வாயை மூடின. சம்பள நாளில் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டு வருகிற பெரியவர் திடல் பக்கமே பாடி முடித்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துக்குள் வந்தார். சின்னப் பிள்ளைகள் உதட்டில் விரலை வைத்து "டியாம், டியாம்" என்று ஒன்றையொன்று அடக்கிக்கொண்டன. மலாயில் சும்மா இரு என்று அர்த்தம். அக்கா வீட்டுச் சேவல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அதைக் குழம்பு வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. எனக்காக உயிரை விட்ட சேவல் என்று நினைத்து அழுதுகொண்டே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இவ்வளவு செய்தும் எனக்குப் படிப்பு ஓடவே இல்லை!

புத்தகத்தை விரித்தால் அந்த மௌனம் என் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அத்தனை வீட்டிலும் அத்தனை பேரும் எனக்காக மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்ற நினைப்பே என்னைத் தின்றது. பழைய கேள்வித்தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன். ட்ரையலில் வந்த அதே வெறுமை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தத்தால் என் படிப்பு கெடவில்லை. சத்தத்தில்தான் எனக்குப் படிப்பே வந்தது. இதைப் போய் அக்காவிடம் எப்படிச் சொல்வது? சேவல் வேறு செத்துப் போயாச்சு.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் சுவர்ப் பக்கம் போய்ச் சொன்னேன். "அக்கா, ரேடியோவப் போடுங்கக்கா. அண்ணன்கூடச் சண்டையாச்சும் போடுங்க. எனக்கு இப்படி இருந்தா பயமா இருக்கு."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று டங்கென்று விழுந்தது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாகவே வந்து, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அடிப்பாவி! இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? முட்ட முட்ட பேச்சு உள்ளயே நின்னு எனக்கு வயிறு உப்பிப் போச்சுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, பரீட்சை எழுதுற எடம் எப்படி இருக்கும்? சொல்லு" என்றார்.

சொன்னேன். தள்ளித் தள்ளிப் போட்ட மேசை, சாத்திய கதவு, யாரும் யாரோடும் பேசாதது, கறீச் கறீச் என்று நடக்கிற ஷூ.

"பக்கத்துல யாரு இருப்பா?"

"தெரியாதவங்க."

"அதான் ஒனக்குப் பயம்லா. சத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தெரியாதவ பக்கத்துல உக்காந்துகிட்டு வாயையும் மூடிகிட்டு இருந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது? வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க உக்காருறோம். நீ எழுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆயாக் கொட்டகை காலியாக இருக்கும். ஆயாவிடம் சாவி வாங்கியாகிவிட்டது. மேசைக்கு என்ன செய்வது? அக்காவின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், ஃபேக்டரியில் கழித்துப் போட்டிருந்த பழைய தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பலகைப் பெட்டிகள். கவிழ்த்துப் போட்டால் மேசை. தொட்டில் துணிகளையெல்லாம் மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, பெட்டிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். நான் வேலைக்கு வரப்போகிற அதே கொட்டகை என்பது அப்போதுதான் மனசில் தைத்தது.

பரீட்சை எழுத வந்தவர்கள் யார் தெரியுமா? அக்கா. அக்காவோடு கொழுந்து எடுக்கிற இரண்டு பேர். அப்புறம் என் அம்மா. என் அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். நாலு பேரும் தலை சீவி, பூ வைத்து, கோயிலுக்குப் போகிற சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பேனா கொடுத்தேன். அம்மா பேனாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காவலுக்கு அண்ணன். கல்யாணத்தன்றைக்குப் போட்ட ஷூவை எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். சிமெண்டுத் தரையில் கறீச் கறீச் என்று அது போட்ட சத்தம், ஐயோ, பள்ளி ஆசிரியர் தோற்றார். முதல் வேலையாக வெற்றிலைப் பைகளைப் பறிமுதல் செய்தார். பிறகு அக்காவின் முன்னால் வந்து நின்று, "வளையலக் கழட்டு. சத்தம் போடுது" என்றார்.

"இந்தாய்யா, என்ன ரொம்பத்தான்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"கேண்டிடேட் பேசக் கூடாது!"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷர் காத்துக்கொண்டிருந்த நேரம் அது. முகத்தில் அப்படியொரு பரவசம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன் என்று அவர் கண் சொன்னது.

கதவைச் சாத்துகிற நேரத்துக்கு அப்பா வந்தார். என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க வந்தாரோ, உட்காரவே வந்தாரோ தெரியாது. அண்ணன் விடவில்லை. "லேட்டு. உள்ள விடமாட்டாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்பா ஜன்னலுக்கு வெளியே, தூறலில் நின்றார்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். முதலில் அதே பயம்தான் வந்தது. ஷூ சத்தம் என்னை நோக்கி வந்தது. முதல் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் ஏறவில்லை. முடிந்தது, இங்கேயும் அதே கதிதான் என்று நினைத்துத் தலையைத் தூக்கிப் பக்கத்தில் பார்த்தேன்.

அக்கா தாளில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளி வைத்து, வரிசை வரிசையாக. நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. அவ்வளவு குளிரில் நெற்றியில் வேர்வை. பேசுவதற்கு ஏதோ வந்திருக்க வேண்டும், உதட்டை உள்பக்கமாக மடித்துக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கடித்துக்கொண்டார். சும்மா இருப்பது அந்த மனுஷிக்கு எத்தனை கஷ்டம் என்று எங்கள் மலைக்கே தெரியும். எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். குனிந்த இடத்தில் கேள்வி இருந்தது. மலாக்கா ராஜா. அட, இது அக்காவின் ராஜா அல்லவா!

எழுத ஆரம்பித்தேன். அக்காவுக்குச் சொல்கிற மாதிரியே, வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டே எழுதினேன். நடுவில் யாரோ குறட்டை விட்டார்கள். அண்ணன் போய்ப் பெட்டியைத் தட்டி எழுப்பினார். அம்மா பேனாவைத் தாளில் வைக்கவேயில்லை, கெட்டுப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, பிடித்தபடியே என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நேரம் முடிந்தது என்று அண்ணன் தகரத் தட்டை அடித்தபோது நான் கடைசி வரியில் இருந்தேன்.

தட்டு அடித்த சத்தம் அடங்குவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். அடைத்து வைத்த அவ்வளவு பேச்சும் புருஷன் மேல் கொட்டியது. வளையலில் தொடங்கி அவருடைய குடும்பம் முழுக்கப் போய், ஷூவில் வந்து முடிந்தது. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அண்ணனும் சிரித்தார்.

ஜன்னல் பக்கம் பார்த்தேன். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சட்டை தோள் வரைக்கும் நனைந்திருந்தது. உள்ளே வரவில்லை, திரும்பி நடந்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தேன். எங்கே எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மறுநாள் திருத்திக் கொடுத்தார். ட்ரையலில் எட்டிக்கூடப் பார்க்காத மார்க். சந்தோஷமாக இருந்தது, ஆனால் ஒரு பாடம்தானே, ஒரு நாள்தானே, இதைக் காட்டி அப்பாவை எப்படி மாற்றுவது என்ற கவலையோடு வீட்டுக்கு வந்தேன். மாதம் முடியப் போகிறது.

வீட்டில் அம்மா அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயந்து போய் என்னவென்று கேட்டேன். அப்பா முந்தின நாள், திங்கட்கிழமை காலையிலேயே, பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில், எல்லோருக்கும் முன்னால் கிராணியிடம் போய்ப் பேசினாராம். என் மார்க் என்னவென்று யாருக்கும் தெரியாத நேரம் அது. அம்மா அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்.

"ஐயா, கொட்டகை வேலைய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. என் மவ வரமாட்டா. மொத சாம்பிளு தப்பான பெட்டியில எடுத்துட்டாங்க."

அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீ எழுத ஆரம்பிச்சப்புறம் தலையத் தூக்கவே இல்லயேம்மா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் லயத்தில் பரீட்சைதான். ஆயாக் கொட்டகையில் இடம் கிடைக்காது. கீழ் லயத்திலிருந்துகூடச் சிலர் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, எங்களுக்கும் ஒரு பெட்டி போடு என்று கேட்டார்கள். குடித்துவிட்டுப் பாடுகிற பெரியவர் ஒருமுறை வந்து உட்கார்ந்து, கடைசி வரைக்கும் அசையாமல் இருந்து, அண்ணனிடம் பாராட்டு வாங்கினார். அப்பாவும் ஒரு வாரம் நேரத்துக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மற்ற நாட்களில் ரேடியோவும் சண்டையும் பழையபடி நடந்தன. புதுச் சேவலும் வந்தது.

உண்மையான பரீட்சை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். முதல் பேப்பர் சுமார்தான். நான் எதிர்பார்த்த ஷூ சத்தம்கூட இல்லை, காவலுக்கு வந்தவர் பூனை மாதிரி நடந்தார். அதற்காகவும் பயந்தேன், பாருங்கள்! இரண்டாவது பேப்பரில் பக்கத்து மேசையைப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பையன், பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் இருந்த இடத்தில் மனசுக்குள் அக்காவை உட்கார வைத்தேன். பின்னால் அம்மாவை. வாசலுக்கு அந்தப் பக்கம் அப்பாவை. பிறகு பயம் தெரியவில்லை. எழுதிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருடம் ரிசல்ட் வந்தது. யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்தது. நான் பள்ளிக்குப் போனபோது எங்கள் ஆசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றவர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ட்ரையலில் வந்த மாதிரியேதான் வந்திருந்தது. அவர் சொன்னது தப்பில்லை. உன் விஷயத்தில் மட்டும் எப்படித் தவறினேன் என்று அவர் யோசித்துவிட்டு, பிறகு தானே சிரித்தார். ட்ரையல் பொய் சொல்லவில்லை, நீதான் நடுவில் போய் வேறு ட்ரையல் எழுதிவிட்டாய் என்று மலாயில் சொன்னார்.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் வேண்டாமென்ற அந்தக் கொட்டகை வேலை யாருக்குப் போனது தெரியுமா? அக்காவுக்கு! முதல் விடுமுறைக்கு வந்து தோட்டத்து வளைவில் இறங்கும்போதே, "டியாம்! டியாம்!" என்று அக்கா பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் போட்ட சத்தத்தைவிட அது பெரிசு. இதுக்குத்தான் என்னைப் படிக்க வச்சு ஊர விட்டுத் துரத்துனீங்களா அக்கா என்று கேட்டேன். "பின்ன? ஒன்னயா நம்பிப் பிள்ளைங்கள விடுறது?" என்று என் கன்னத்தில் இடித்துவிட்டு, கட்டிக்கொண்டார்.

நானும் ஆசிரியையாகத்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு ட்ரையல் மார்க்கை நானே கையில் கொடுத்திருக்கிறேன். அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளிடம் எங்கள் ஆசிரியர் சொன்னதையும் சொல்லியிருக்கிறேன்: இது பொய் சொல்லாது. அதோடு, நீ பரீட்சை எழுதும்போது பக்கத்தில் யாரை உட்கார வைப்பாய் என்றும் கேட்பேன். சில பிள்ளைகள் விழிக்கும். சில பிள்ளைகள் யோசித்து ஒரு பேரைச் சொல்லும்.

இப்போது அப்பாவும் இல்லை, அக்காவும் இல்லை, அந்த லயமும் இல்லை. ஆஸ்பத்திரியிலோ ஆபீஸிலோ தெரியாத முகங்களுக்கு நடுவில் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். எனக்காகப் பேசியவர்கள் வாழ்க்கையில் நிறையப் பேர் உண்டு. ஆனால் பேசாமல் இருக்கவே தெரியாத ஒருத்தி, நான் எழுதி முடிக்கும் வரை உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம் போய்விடுகிறது.